4,000 பவுண்டுக்குள் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: வாங்கும் முன் எதை, எப்படிப் பார்ப்பது?

திறந்தகூரை எழுதியது:

வணக்கம். லண்டனில் குரோய்டன் பக்கம் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கும் சனி ஞாயிறு சுற்றுவதற்கும் ஒரு சின்ன கன்வெர்ட்டிபிள் வேண்டும். கையில் 4,000 பவுண்டு. அதில் 700 வாங்கியவுடன் வரும் செலவுக்கு.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் நேரில் போகவில்லை:

முதலாவது 2004 எம்எக்ஸ்-5 மார்க் 2.5 (இரண்டாம் தலைமுறையின் புதுப்பித்த வடிவம்), 1.8, துணிக்கூரை, 78,000 மைல். படத்தில் பளபளவென்று இருக்கிறது, "அடிப்பாகம் புதிதாக அண்டர்சீல் (துருத்தடுப்புப் பூச்சு) செய்தது" என்று விளம்பரம் சொல்கிறது.

இரண்டாவது 2008 மார்க் 3 (மூன்றாம் தலைமுறை), 2.0 ரோட்ஸ்டர் கூப்பே, அதாவது பட்டனில் மடியும் ஹார்ட் டாப். 64,000 மைல். பம்பரில் கீறல், ஒரு வீல் உரசியிருக்கிறது, சர்வீஸ் ரசீதுகள் ஒரு கட்டு இருக்கிறதாம்.

"எம்எக்ஸ்-5 நம்பகமான வண்டி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாடல் நம்பகமானதாக இருக்கலாம். 16, 20 வருடம் ஓடிய இந்த ஒரு கார் அப்படியா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எம்ஜி டிஎஃப், டொயோட்டா எம்ஆர்2 இரண்டும் இதே விலையில் வருகின்றன, அவற்றையும் பார்க்கலாமா?

கறள்வேட்டை எழுதியது:

எஞ்சின் கதையைப் பிறகு பார்ப்பம். எம்எக்ஸ்-5ஐ ஸ்கிராப்புக்கு அனுப்புறது எஞ்சின் இல்லை, கறள், அதாவது துரு. இங்கத்தைய குளிரும் றோட்டில கொட்டுற உப்பும் சேர்ந்தால் 20 வருசத்தில தகடு தின்னுப்பட்டுப் போகும். எஞ்சின் போனால் இன்னொண்டு மாத்தலாம். சேசி போனால் கார் இல்லை. அதால நேரில போனதும் பொனற்றைத் திறக்க முதல் கீழ குனியுங்கோ.

மார்க் 2, 2.5 ரெண்டிலும் முதல் பார்க்க வேண்டியது முன் சேசி ரெயில். ரேடியேற்றர் பக்கமிருந்து முன் சப்ஃபிரேமைத் தாண்டி ரெண்டு பக்கமும் பின்னால ஓடுற பெட்டி மாதிரியான தகடு அது. மோதலுக்கு வலுவாக இருக்க வேணும் எண்டு உள்ளுக்குள்ள இன்னொரு தகடு வைச்சிருக்கினம். ரெண்டு தகட்டுக்கும் நடுவில தண்ணி போய் நிண்டு, உள்ளிருந்து வெளியால கறள் வரும். வெளியில பொக்குளம் தெரியுற நேரம் உள்தகடு முடிஞ்சிருக்கும். கீழ பிளாஸ்ரிக் அண்டர்ட்ரே மூடியிருக்கிறதால எம்ஓடி (வருசாந்த வாகனத் தகுதிச் சோதனை) பாக்கிறவருக்கும் இது முழுசாத் தெரியாது, அவர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது எண்டது விதி. ஆகவே "எம்ஓடி பாஸ்" எண்ட சொல்லை ரெயிலுக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். அண்டர்ட்ரே போல்ற் எல்லாம் 10 மி.மீ. ஸ்பானருக்குக் கழரும். கராஜ் ஒண்டில ராம்பில (காரைத் தூக்குற மேடை) ஏத்தி அதைக் கழற்றச் சொல்லுங்கோ. ரெயிலின்ர கீழ் விளிம்பையும், தகடு சேருற கோட்டையும், அன்ரி-றோல் பார் பிடிச்சிருக்கிற இடத்தைச் சுத்தியும் மொட்டை ஸ்குரூட்ரைவரால அழுத்துங்கோ. நல்ல தகடு "டிங்" எண்டும். கெட்டது மொறுமொறுக்கும்.

அடுத்தது சில்லின்ர பின்முனை, அதாவது கதவுக்குக் கீழ ஓடுற சில் பின்சக்கர வளைவைச் சந்திக்கிற இடம். மார்க் 1இல இருந்து 3 வரைக்கும் எல்லாத்திலும் இதுதான் முதல் போறது. காரணம் வெளியில இல்லை, கூரையில. துணிக்கூரையில விழுற மழைத்தண்ணி சீற் பெல்ற் தூணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் இருக்கிற வடிகால் குழாயால இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால வெளியேற வேணும். இலையும் தூசியும் அடைச்சால் தண்ணி நிரம்பி, ஒரு பங்கு காபெற்றுக்கும் மிச்சம் சில்லுக்குள்ளயும் போகும்.

சோதனை லேசு. அரை லீற்றர் தண்ணிப் போத்தல் ஒண்டு கொண்டு போங்கோ. கூரையைப் பாதி தூக்கி, அந்தத் துவாரத்தில மெதுவாக ஊத்துங்கோ. சில நொடியில காருக்குக் கீழ, பின்சக்கரத்துக்கு முன்னால தண்ணி ஓட வேணும். ரெண்டு பக்கமும் செய்யுங்கோ. ஓடாவிட்டால் அந்தப் பக்கச் சில்லைச் சந்தேகப்படுங்கோ. (வாங்கின பிறகு அடைப்பு எடுக்கிறதெண்டால் மெல்லிய வளையுற நைலோன் கயிறு. காற்றழுத்தம் அடிச்சால் உள்ள குழாய் கழண்டு போகும், பிறகு வேலை பெரிசு.) சீற்றுக்குப் பின்னால காபெற்றையும் கால் வைக்கிற இடத்தையும் கையால நல்லா அமத்துங்கோ. ஈரம், பூஞ்சை மணம், அல்லது விற்கிறவர் தொங்கவிட்ட வாசனை மட்டை மூண்டு நாலு எண்டால் விளங்கிக் கொள்ளுங்கோ.

வெளியில ஒரு காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி, சில்லின்ர பின்முனையிலும் சக்கர வளைவு விளிம்பிலும் நகர்த்துங்கோ. பிடிக்காத இடம் ஃபில்லர், தகட்டுக்குப் பதிலா பூசின பசை. வளைவின் உதட்டுக்கு உள்பக்கம் விரல் விட்டுத் தடவுங்கோ, மேடு பள்ளம் இருந்தால் ஒட்டுப் போட்டிருக்கு.

இப்ப உங்கட 2004க்கு வருவம். "புதிதாக அண்டர்சீல்" எண்டது எனக்குப் பிடிக்காத சொல். கறளைச் சுரண்டி, பிரைமர் போட்டு, பெட்டித் தகட்டுக்குள்ள கவிற்றி வாக்ஸ் (கறள் தடுக்கிற மெழுகு) அடிச்சு, அதுக்குப் பிறகு அண்டர்சீல் செய்திருந்தால் நல்லது. அப்பிடிச் செய்தவரிட்டப் படம் இருக்கும், ஒவ்வொரு கட்டமும். படம் இல்லாமல் கட்டியாகக் கறுப்புத் தார் மாதிரிப் பூசியிருந்தால், கீழ என்ன இருக்கு எண்டு தெரியாமல் இருக்கத்தான் பூசியிருக்கு. அது ஈரத்தை உள்ள அடைச்சு வேகத்தைக் கூட்டும்.

வீட்டில இருந்தே செய்யக் கூடிய வேலை ஒண்டு: அரசாங்க இணையத்தில இலக்கத் தகடு எண்ணைப் போட்டால் 2005இல இருந்து எம்ஓடி வரலாறு முழுக்க இலவசமாக வரும். மைல், தோல்வி, அட்வைசரி (பாஸ் ஆனாலும் கவனிக்கச் சொல்லி எழுதுற குறிப்பு) எல்லாம் இருக்கும். ரெண்டு காரினதும் எடுத்து இங்க போடுங்கோ, வாசிச்சுச் சொல்லுறம்.

குரோய்டன் எண்டதால யூலெஸையும் (புகை கூடின வாகனத்துக்குக் கட்டணம் அறவிடுற லண்டன் வலயம்) பாருங்கோ. 2023 ஓகஸ்ட் 29இல இருந்து லண்டனின்ர எல்லாப் பகுதியும் அதுக்குள்ள. பெற்றோல் கார் யூரோ 4 தரமாக இல்லாவிட்டால் ஓட்டுற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2008 கார் பிரச்சினை இல்லை. 2004 கார் அப்பிடியும் இருக்கலாம், இப்பிடியும் இருக்கலாம். வருசத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் அந்தக் காரின் இலக்கத்தையே ரிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) தளத்தில போட்டுப் பாருங்கோ. வாரம் நாலு நாள் ஓட்டுற கார் தரத்துக்குள்ள வராட்டி, வருசத்தில 2,500 பவுண்டைத் தாண்டும். அதுக்குப் பிறகு சேசி ரெயிலைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

ஸ்பேனர்_பத்து எழுதியது:

துருவைப் பற்றி மேலே சொன்னதில் சேர்க்க எதுவும் இல்லை. நான் எஞ்சின் பக்கம்.

விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். அப்படியானால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புவது நல்லது.

மார்க் 2.5, 1.8: இந்த பிபி எஞ்சின் முரட்டு எஞ்சின், எண்ணெய் மாற்றி வந்தால் 1,50,000 மைல் சாதாரணம். இதில் இருப்பது டைமிங் பெல்ட், 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 78,000 மைல் ஓடிய காரில் அது ஒருமுறையாவது மாறியிருக்க வேண்டும். மாறியதற்கு ரசீது கேளுங்கள். பெல்ட் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ரசீதில் வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர், கேம் சீல் எல்லாம் சேர்ந்திருந்தால் வேலை தெரிந்தவர் செய்திருக்கிறார். வெறும் பெல்ட் மட்டும் என்றால் பழைய பம்ப் கசிந்து அதே வேலையை மறுபடி செய்ய வைக்கும். ரசீதே இல்லையா, மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். புதிதில் கறுப்பு. வெந்து வெந்து பழுப்பாகவோ பச்சை கலந்தோ மாறியிருந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் பருவம், எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளையும், ஆகவே ரேடியேட்டரைச் சின்ன செலவு என்று தள்ளிப்போட வேண்டாம்.

டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஒன்று இருக்கும். மார்க் 2இல் அது கிட்டத்தட்ட பொம்மை. அழுத்தம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் நடுவில் போய் நிற்கும், அவ்வளவுதான். அதைக் காட்டி "பாருங்கள், ஆயில் பிரஷர் சூப்பர்" என்று சொல்பவரிடம் சிரித்துவிட்டு டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு காட்டும் கம்பி) இழுங்கள்.

கேம் கவர் கேஸ்கட் கசிவது வழக்கம், மலிவு வேலை. ஆனால் பிளக் குழிக்குள் எண்ணெய் நிரம்பியிருந்தால் பிளக் வயரும் கெடும். மூன்றாவது, நான்காவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி ஏறினால் பெரும்பாலும் வயர், சில சமயம் காயில். வயர் பத்து நிமிட வேலை.

கிளட்ச் பெடலைக் காலால் அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள், கியர் போட்டபடி. கார் மெல்ல நகரப் பார்த்தாலோ பெடல் கீழே இறங்கினாலோ கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கெட்டிருக்கிறது. கீழிருந்து அதன் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே திரவம் இருக்கும். இந்தத் தலைமுறையில் மிக மிகச் சாதாரணமான பழுது, மலிவானது. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம், ஒன்று புதிதானால் மற்றது சீக்கிரம் கைவிடும்.

கியர்பாக்ஸ் குளிரில் இரண்டாவது கியருக்கு முரண்டு பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் சரியானால் கவலையில்லை, 75டபிள்யூ-90 ஜிஎல்-4 எண்ணெய் மாற்றினால் இன்னும் இளகும். சூடான பிறகும் கரகரத்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

மார்க் 3, 2.0: இது வேறு எஞ்சின், எம்இசட்ஆர், செயின். பெல்ட் செலவு கிடையாது. ஆனால் இதில் ஒரே ஒரு கொலையாளி உண்டு, அது எண்ணெய் குறைவு. ஃபில்டரோடு 4.3 லிட்டர்தான் பிடிக்கும். மைல் ஏறினால் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். "செயின் எஞ்சின், வருடத்துக்கு ஒருமுறை கராஜ் பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்த உரிமையாளர் நடுவில் டிப்ஸ்டிக்கைத் தொடவே மாட்டார். அளவு குறைந்த நிலையில் வளைவில் வேகமாகப் போனால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, எஞ்சினின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விடும். ஆகவே சமதரையில், குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக். கீழ்க் கோட்டுக்கு அருகில் இருந்தால் அந்த ஒன்றே இதுவரை கார் எப்படி வளர்ந்தது என்று சொல்லிவிடும். ஸ்டார்ட் செய்து, சூடானதும் 2,000 முதல் 3,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இறங்கும்போது அடியிலிருந்து "டக் டக் டக்" என்று ஆழமாகத் தட்டினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜெக்டரின் மெல்லிய டிக் டிக் வேறு, அது இயல்பு.

இரண்டு காரிலும் ஓபிடி (காரின் கணினியைப் படிக்கும்) சாக்கெட் உண்டு. 15 பவுண்டு புளூடூத் ரீடர் ஒன்று போதும். பிழை எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், "ரெடினஸ் மானிட்டர்" பக்கத்தைத் திறங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ பிழையை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எந்த விளக்கை அணைக்க அழித்தார்கள் என்பதுதான் கேள்வி. இக்னிஷன் போட்டதும் எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இந்த இழையை வேறு யாராவது மார்க் 1, மார்க் 2க்காகப் படித்தால்: 1989 முதல் 1991 வரையான 1.6இல் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முனை குட்டை. கிராங்க் புல்லியின் நடுப் பகுதியில் 4 வெட்டு இருந்தால் குட்டை, 8 இருந்தால் நீளம். எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடினால் விட்டுவிடுங்கள். 1999, 2000 வாக்கில் வந்த 1.8இல் த்ரஸ்ட் பேரிங் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் கிளட்சை மிதித்தால் சத்தம் மாறி ஆர்பிஎம் இறங்குகிறதா, கிராங்க் முன்னும் பின்னும் 0.3 மி.மீ.க்கு மேல் நகர்கிறதா என்று. உங்கள் 2004க்கு இரண்டும் பொருந்தாது.

எம்ஆர்2, டிஎஃப் பற்றி: எம்ஆர்2 நல்ல கார்தான். ஆனால் 2003க்கு முந்தைய 1.8 எண்ணெய் குடிக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ப்ரீ-கேட் (புகையைச் சுத்திகரிக்கும் முதல் கேட்டலிஸ்ட்) நொறுங்கித் தூள் எஞ்சினுக்குள் போகும். பின்னால் வந்ததைப் பாருங்கள், அல்லது ப்ரீ-கேட் எடுத்ததற்குச் சான்று கேளுங்கள். பூட் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, வேலைக்குப் போக யோசியுங்கள். டிஎஃப்பில் கே-சீரீஸ் எஞ்சின், ஹெட் கேஸ்கட் போவதற்குப் பேர்போனது. பலப்படுத்திய கேஸ்கட் போட்ட ரசீது இல்லாமல் தொடாதீர்கள். எஞ்சின் நடுவில் இருப்பதால் கூலண்ட் குழாய் காரின் அடியில் முழு நீளம் ஓடுகிறது, அதுவும் துருப்பிடிக்கும்.

ரெட்லைன் எழுதியது:

ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க சில விஷயம்.

டயரில் ஆரம்பியுங்கள். நாலும் ஒரே பிராண்டா, குறைந்தது ஒரே அச்சில் இரண்டும் ஒன்றா? பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கம்: 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14வது வாரம். குறைவாக ஓடும் கன்வெர்ட்டிபிளில் டிரெட் நிறைய இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஈரச்சாலையில் பின்சக்கரம் உதைக்கும் காரில் அது விளையாட்டல்ல.

உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட். இங்கேதான் எம்எக்ஸ்-5இன் மறைந்த செலவு. சஸ்பென்ஷன் கையைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். மார்க் 3இல் முன் கீழ்க்கையின் நீண்ட போல்ட் இதற்குப் பேர்போனது. ஒட்டிவிட்டால் அலைன்மென்ட் செய்யவே முடியாது. அறுத்தெடுத்துப் புது போல்ட், புது புஷ், பல நேரம் புதுக் கையே போட வேண்டும். ஆளை வைத்துச் செய்தால் மொத்தச் செலவு பல நூறு பவுண்டு. கடந்த ஓரிரு வருடத்தில் எடுத்த அலைன்மென்ட் அச்சுத்தாள் கேளுங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டின் கேம்பர் (சக்கரச் சாய்வு) எண்களும் "சரிசெய்த பிறகு" என்ற கட்டத்தில் மாறியிருந்தால் போல்ட்டுகள் சுழல்கின்றன என்று பொருள். தாள் இல்லையென்றால் ராம்பில் ஏற்றும்போது மெக்கானிக்கிடம் சும்மா ஒரு ஸ்பேனர் போட்டு அசைகிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்: 15 நிமிடம் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் அனலடித்தால் காலிபர், அதாவது பிரேக் கவ்வி, விடாமல் பிடிக்கிறது. பின் காலிபரின் ஸ்லைடு பின்னும் ஹேண்ட்பிரேக் லீவரும் இறுகுவது எல்லாத் தலைமுறையிலும் உண்டு, நிறுத்தியே வைத்திருந்த காரில் இன்னும் அதிகம். ஹேண்ட்பிரேக் சில கிளிக்கிலேயே பிடிக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் கேபிளை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், காலிபர் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டயர் காற்று மார்க் 2.5க்கு 26 பிஎஸ்ஐ, மார்க் 3க்கு 29. எடை குறைந்த கார் என்பதால் கராஜில் வழக்கப்படி 35 அடித்து வைத்திருந்தால் கார் தத்தித் தத்தி ஓடும், ஸ்டீயரிங் உயிரே இல்லாமல் இருக்கும். சஸ்பென்ஷன் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் காற்றைப் பாருங்கள்.

மார்க் 3 கூரை: நடுவில் இருக்கும் கொக்கியைக் கையால் விடுவித்து, நியூட்ரல் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்த வேண்டும். சுமார் 12 நொடியில் முழுதாக மடியும். எஞ்சின் ஓடும்போது இரண்டு முறை திறந்து மூடுங்கள். பாதியில் நின்று விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் நிலையறியும் சுவிட்ச் ஒன்று, சில நேரம் வெறும் பேட்டரி பலவீனம். விற்பவர் "பேட்டரிதான்" என்றால் மாற்றிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீல் லாக் நட்டின் சாவி இருக்கிறதா என்று பூட்டில் பாருங்கள். இரண்டு சாவி இருக்கிறதா என்றும்.

திறந்தகூரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யூலெஸ் பார்த்தேன், இரண்டு காருமே கட்டணம் இல்லை என்று வருகிறது. எம்ஓடி வரலாறு கீழே:

2004 மார்க் 2.5
2019: பாஸ். அட்வைசரி: பின் சில் இரண்டு பக்கமும் துரு.
2021: ஃபெயில். வலது பின் சில், சீட் பெல்ட் பிடிப்பிலிருந்து 30 செ.மீ.க்குள் துருவால் பலமிழப்பு. மறுநாளே பாஸ்.
2022, 2023, 2024: பாஸ். அட்வைசரி: அடிப்பாகம் முழுக்க அண்டர்சீல். 2021 முதல் 2024 வரை மொத்தம் 1,100 மைல்.

2008 மார்க் 3
2020: ஃபெயில். முன் டிராப் லிங்க் ஆட்டம், வலது பின் டயர். சரிசெய்து பாஸ்.
2022: பாஸ். அட்வைசரி: பின் பிரேக் பைப் மேல்துரு, பின் சப்ஃபிரேம் மேல்துரு.
2023: பாஸ். அதே இரண்டு அட்வைசரி.
2024: பாஸ். பிரேக் பைப் அட்வைசரி இல்லை. சப்ஃபிரேம் மேல்துரு மட்டும். வருடத்துக்கு 4,000 மைல் சீராக.

2004இன் விற்பனையாளரிடம் வெல்டிங் படம் கேட்டேன், "முந்தைய உரிமையாளர் செய்தது" என்றார். மார்க் 3காரர் 2023 இறுதியில் பிரேக் பைப் மாற்றிய ரசீதை உடனே படம் எடுத்து அனுப்பினார்.

கறள்வேட்டை எழுதியது:

2004ஐ விடுங்கோ. வரலாறே கதையைச் சொல்லிப்போட்டுது.

2021இல ஃபெயில், மறுநாள் பாஸ். சில்லை ஒழுங்காகச் செய்யுறதெண்டால் வெளித்தகட்டை வெட்டி, உள்ளுக்கு இருக்கிற வலுவூட்டுத் தகட்டையும் பார்த்து, அதையும் வெட்டிப் புதுசு போட்டு, பிறகு வெளித்தகடு, பெயின்ற், வாக்ஸ். ஒரு இரவில நடக்கிற வேலை இல்லை. ஒரு நாளில முடிஞ்சதெண்டால் பழைய தகட்டுக்கு மேல ஒரு துண்டு வைச்சு ஒட்டியிருக்கு. எம்ஓடிக்கு அது போதும், காருக்குப் போதாது. 2019இல ரெண்டு பக்கமும் எண்டு எழுதியிருக்கு, 2021இல வலது மட்டும்தான் ஃபெயில். இடது பக்கத்துக்கு என்ன நடந்தது? பிறகு மூண்டு வருசமும் "அண்டர்சீல்" எண்டு பரிசோதகர் எழுதுறது, என்னால கீழ பார்க்க முடியேல்லை எண்டு அவர் தன்னைக் காப்பாத்துறது. முன் ரெயில் நிலை யாருக்கும் தெரியாது.

குறைஞ்ச மைலைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மூண்டு வருசத்தில 1,100 மைல் எண்டால் அனேகமாக வெளியில நிண்டிருக்கு. நிண்ட காரில வடிகால் அடைக்கும், காலிபர் இறுகும், சீல் காயும்.

மார்க் 3இன்ர வரலாறு சலிப்பாக இருக்கு. அப்பிடித்தான் இருக்க வேணும். அட்வைசரி வந்தது, அடுத்த வருசம் திரும்ப வந்தது, பிறகு ரசீதோட மறைஞ்சது. சப்ஃபிரேம் மேல்துரு எல்லா மார்க் 3இலும் வரும், தகடு தடிப்பம், வயர் பிரஷ் போட்டுப் பாதுகாப்பு அடிச்சால் நிக்கும். ஆனால் சில்லின்ர பின்முனையும் தண்ணிப் போத்தல் சோதனையும் இந்தக் காருக்கும் கட்டாயம். ஹார்ட் டாப்பிலும் அதே வடிகால் இருக்கு.

ஸ்பேனர்_பத்து எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், மார்க் 3. ஆனால் வாங்குவதாக இப்போதே முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்பணம் அனுப்புமுன் அந்தக் காரின் கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் எழுதித்தள்ளிய வரலாறு இரண்டையும் கட்டணச் சோதனையில் பாருங்கள். வகை எஸ் என்றால் கட்டமைப்புச் சேதம், வகை என் என்றால் கட்டமைப்பு தொடாத சேதம். 2017 அக்டோபருக்கு முன் இவற்றின் இடத்தில் சி, டி என்ற வகைகள் இருந்தன, 2008 காருக்கு அதுவும் வரலாம். வி5சியில் (காரின் பதிவுப் புத்தகம்) இருக்கும் வின் எண்ணும் (சேசி எண்) விண்ட்ஸ்கிரீன் கீழே, பானெட்டுக்குள் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வி5சி ஆவண எண் கிடைத்தால் ஒவ்வொரு எம்ஓடியும் எந்த கராஜில் நடந்தது என்பதும் தளத்தில் தெரியும்.

நேரில் போகும்போது இந்த வரிசையில் போங்கள்: குளிர்ந்த டிப்ஸ்டிக், குளிர் ஸ்டார்ட், கூரை இரண்டு முறை, தண்ணீர்ப் போத்தல், ஓட்டம், ஓபிடி, கடைசியில் ராம்ப். முதல் இரண்டில் ஒன்று தவறினால் மீதிக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

700 பவுண்டில் என் முன்னுரிமை: எஞ்சின் எண்ணெய், ஃபில்டர். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எண்ணெய். பிரேக் திரவம். நாலு காலிபர் ஸ்லைடு பின்னும் கழற்றிச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ். சில்லுக்குள் கவிட்டி வாக்ஸ். அலைன்மென்ட். போல்ட் சுழலவில்லை என்று ராம்பில் தெரிந்தால் 400 பவுண்டு குறைத்துக் கேளுங்கள், அவர் மறுத்தால் பேரத்தை அதோடு விடுங்கள்.

திறந்தகூரை எழுதியது:

அலைன்மென்ட் தாள் இருக்கிறதா என்று மார்க் 3காரரிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை 9 மணிக்கு, அவர் தெருவிலேயே உள்ள கராஜில் ராம்ப் அரை மணி நேரத்துக்குப் பேசியாயிற்று. டிப்ஸ்டிக் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் அது குறைவா, போதுமா?

ஸ்பேனர்_பத்து எழுதியது:

நடுவில் என்றால் போதும். கடைசி சர்வீஸ் எத்தனை மைலுக்கு முன் என்று ரசீதில் பாருங்கள். 3,000 மைல் ஓடி நடுவில் நின்றால் ஆரோக்கியம். போன வாரம் மாற்றி நடுவில் நின்றால், குறைவாக ஊற்றியிருக்கிறார்கள் அல்லது எஞ்சின் குடிக்கிறது. அப்போது வெளியேறும் புகையில் நீலம் தெரிகிறதா என்று கவனியுங்கள்: மூன்றாவது கியரில் 4,000 வரை ஏற்றி, காலை எடுத்து 1,500 வரை தானாக இறங்கவிட்டு, மறுபடி மிதிக்கும் அந்த நொடியில் பின்னால் வரும் காரிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும்.

ரெட்லைன் எழுதியது:

அதற்காகவாவது ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். தனியாக ஓட்டும்போது புகை கண்ணாடியில் தெரியாது.